தொகுஜியின் சிவந்த முகம்

ஒரு காரியத்தைச் செய்ததாக நிரூபிக்கலாம். செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பது? ஜப்பானின் கோச்சி துறைமுகத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த நிஷிமோரி தொகுஜி இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் படித்தவர் அல்ல. முகத்தில் சுமந்தவர்.

குடித்த காலத்தில் அவர் சவரக் கத்தியை எடுத்தால், நாற்காலியில் இருப்பவர் கழுத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்வார். கடைசியில் மனைவி ஃபுசாயோதான் அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

"தினம் எவ்வளவு குடிப்பீங்க?" என்றார் மருத்துவர்.

"ஏதோ கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சத்தச் சாராயக் கடையிலேருந்து தூக்கிட்டு வந்தே என் தோள்பட்டை இறங்கிப்போச்சு டாக்டர்," என்றாள் ஃபுசாயோ.

மருத்துவர் இருவருக்கும் சேர்த்தே வைத்தியம் சொன்னார். தண்ணீர் போன்ற ஒரு மருந்தைக் காலைதோறும் மனைவியின் கண்ணெதிரே குடிக்க வேண்டும். அதன்மேல் சாக்கே என்ற அரிசி மது ஒரு துளி உள்ளே போனாலும் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். வாரந்தோறும் குடியை விட்டவர்களின் சங்கத்துக்கு இருவரும் போக வேண்டும்.

"இனிமே ஒரு சொட்டு இறங்குச்சுன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்," என்று அங்கேயே சொல்லிவைத்தாள்.

தொகுஜி தேறினார். கழுத்துகள் சட்டையை விட்டு வெளியே வந்தன. தேறியதைச் சவரம் முடியும்வரை விடாமல் சொன்னார் என்பது மட்டுமே வாடிக்கையாளர்களின் குறை.

குளிர்காலத்தில் ஒரு மதியம், ஃபுசாயோவின் தம்பி மனைவி அனுப்பிய ஊறுகாயைத் தட்டோடு காலி செய்தார். சற்று நேரத்தில் முகம் வேகவைத்த நண்டு போல் ஆனது. ஃபுசாயோ பார்த்தாள். நேரே போய்ப் பையில் துணியை அடுக்கினாள்.

"சத்தியமா நான் குடிக்கல."

"உங்க சத்தியத்தக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சுங்க."

அன்று சங்கக் கூட்டம். போகிற வழிதானே என்று பையோடு வந்தாள். அங்கே அவரவர் தம் கதையை மட்டுமே சொல்லலாம். மற்றவர் மறுத்துப் பேசக் கூடாது. தொகுஜி எழுந்தார். மதியத்திலிருந்து யோசித்ததில் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்திருந்தது.

"நான் குடிக்கல. ஆனா என் முகம் குடிச்சிருக்கு," என்று சொல்லி உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, மீன்காரர் மனைவி ஹருயே கேட்டாள்: "மத்தியானம் என்ன போட்ட அவருக்கு?"

"சோறு, மீனு, ஊறுகா."

"சாக்கே வடிச்ச சக்கையில மாசக்கணக்கா ஊறுமே, அந்த ஊறுகாயா?"

ஃபுசாயோவின் கை செருப்பிலேயே நின்றது. பிறந்தது முதல் தின்ற பண்டம். அதில் மது இருப்பதாக அவள் நினைத்ததே இல்லை.

"எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். என்ன, நான் வெளக்குமாத்த எடுத்துட்டேன்," என்றாள் ஹருயே.

அக்கா வீட்டுப் பேருந்து வந்து, நின்று, போயிற்று. பையைத் தொகுஜிதான் வீட்டுக்குச் சுமந்தார். வழியில் அவர் வெற்றி பெற்றவர் போல் நடந்ததை ஃபுசாயோ பொறுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மருந்துப் புட்டியை அவர் பக்கம் நகர்த்தி, "இனிமே நீங்களே குடிச்சுக்குங்க. நான் பாக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு முள்ளங்கி நறுக்கப் போனாள்.

தொகுஜி மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துப்போய், அவள் எதிரே உட்கார்ந்தார். அவள் நிமிரும்வரை காத்திருந்து குடித்தார். அதன் பிறகும் தினமும் அப்படியேதான். ஏன் என்று கேட்டால், கிண்ணத்தைக் கழுவ எழுந்து போய்விடுவார்.