அருவிக்குப் போகக் கிறுக்குப் பிடிக்க வேண்டும்

முதலில் எனக்குக் காதுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தொட்டிலில் என் பிள்ளை அழுதது, அடுத்த தெருப் பிள்ளை அழுவது போலக் கேட்டது. பால் கட்டி மாராப்பு நனைந்தது. அதையும் யாருடைய சேலையோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பிறகு பசி போனது, உறக்கம் போனது, கடைசியில் பேச்சும் போனது. தென்காசியில் எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. அப்படிப்பட்டவள் வாயை மூடியதும் வீடு ஆடிப்போய்விட்டது. காற்றுக் கருப்பு என்றார் மாமியார். வேப்பிலை அடித்தார்கள். உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். எல்லாம் செய்து பார்த்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் இதைப் பிரசவ சன்னி (பிள்ளை பெற்றவளின் மனம் சில காலம் நிலைகுலைந்துபோவது) என்றார். இதைப் படிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ இது வந்திருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது பேயும் இல்லை, நீங்கள் செய்த பாவமும் இல்லை. உடம்புக்கு வருகிற மற்ற நோய்களைப் போல இதுவும் ஒன்று. அன்றைக்கு இதை என்னிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அதட்டாதீங்க ஆச்சி. அன்பா வச்சிப் பாத்துக்கிடுங்க, தெளிஞ்சிரும். குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாலும் நல்லதுதான்," என்று டாக்டர் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டார் காதில் குற்றாலம் மட்டும்தான் விழுந்தது.

புத்தி பேதலித்தவர்களை அருவிக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆளுக்கொரு கையைப் பிடித்து, தண்ணீர் கனமாக விழுகிற இடத்தில் தலையைக் கொடுக்க வைப்பார்கள். அடிக்க அடிக்கப் பித்தம் இறங்கும் என்று நம்பிக்கை. பிள்ளையைக் கடையத்தில் என் அம்மாவிடம் அனுப்பிவிட்டார்கள். கிறுக்குப் பிடித்தவள் பால் ஆகாதாம். எனக்குத் தெளிந்தால்தான் பிள்ளை திரும்பும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். எனக்கு எல்லாம் விளங்கியது, வாய்தான் திறக்கவில்லை.

துணைக்கு யார் போவது? பிள்ளை குட்டி உள்ள பெண்கள் யாரும் என் பக்கத்தில் வரத் தயாராக இல்லை. அதனால் உலகம்மாள் மதினியை அனுப்பினார்கள். அவள் என் கணவரின் அக்காள். சின்ன வயதிலேயே தாலியறுத்து வந்து, பின்கட்டில் ஒரு அறையோடு முடங்கிப்போனவள். அவளுக்குத் தீராத மண்டையிடி, நெஞ்சுப் படபடப்பு. எந்நேரமும் தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டிருப்பாள். "அவளுக்கு எப்பவும் உள்ளதுதானே" என்று சொல்வார்களே தவிர, அதை ஒரு நோயாக வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

முதல் நாள் என் கணவரும் கொழுந்தனும் என்னை அருவிக்குள் தள்ளிப் பிடித்தார்கள். மூச்சு முட்டியது. செத்தேன் என்றே நினைத்தேன். மறுநாளும் கையைப் பிடிக்க வந்தபோது மதினி குறுக்கே வந்து நின்றாள்.

"ஏலே, பொம்பளையைப் பொம்பளை குளிப்பாட்டிக்கிடுவா. நீங்க ரெண்டு பேரும் போய்க் காப்பியைக் குடிங்கலே!"

வீட்டில் அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. தம்பிகள் இருவரும் காப்பிக் கடைப் பக்கம் போனார்கள். அவள் என்னை அருவியின் ஓரத்துக்கு, தண்ணீர் மெலிந்து வழிகிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். தன் கையை முதலில் நீட்டி நனைத்துக்கொண்டு, "இறங்குதியா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். எத்தனையோ நாளாக என்னை இழுத்தார்கள், படுக்க வைத்தார்கள், வாயில் ஊற்றினார்கள். என்னிடம் ஒன்றைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று குளிக்காமலே திருப்பிக் கூட்டிவந்தாள். மறுநாளும் அப்படித்தான். தலை சீவுவதற்கும் கேட்டாள், சோறு பிசைவதற்கும் கேட்டாள். நான் வாய் திறக்காவிட்டாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்தாள்.

சாரல் அடித்த ஒரு காலையில், நானாகவே தண்ணீருக்குக் கையை நீட்டினேன்.

"குளுருது," என்றேன்.

"ஏட்டி, குளுராம என்ன? அருவியில வெந்நியா விழும்?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். எனக்குப் பேச்சு திரும்பியது அந்த இடத்தில்தான்.

அதன் பிறகு பசி வந்தது, உறக்கம் வந்தது. குற்றாலத்தில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு டாக்டர் ஒருநாள் பார்க்க வந்தார். என் நாடியைப் பிடித்தவர், மதினியின் தலையில் துணி இல்லாததைக் கவனித்துவிட்டு அவள் நாடியையும் பிடித்துப் பார்த்தார்.

"மண்டையிடி எப்படிம்மா இருக்கு?"

"அட, அதை மறந்தே போனேன்யா!"

"அடுத்தவங்களைப் பாத்துக்கிடுதது நம்ம உடம்புக்கும் மருந்துதான். இவங்களைவிட உங்களுக்குத்தான் ரொம்பக் குணம் தெரியுது," என்றார்.

மதினி வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். குற்றாலத்தில் அவளை எழுந்து பின்கட்டுக்குப் போகச் சொல்ல ஆளில்லை. சூடான சோற்றை என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ராத்திரி படுத்தால் விடியும்வரை தூங்கினாள். இரண்டு நோயாளிகள் குற்றாலத்தில் தேறினோம். வீட்டுக்குத் தெரிந்தது ஒருத்தி தேறியது மட்டும்தான்.

ஆடி முடிந்து ஊர் திரும்பினோம். பிள்ளை என் மடிக்கு வந்தாள். அருவிக்குத் தேங்காய் உடைத்தார்கள். மதினிக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. காதுகுத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள நான் அவளைக் கூப்பிட்டபோது, "நல்ல காரியத்துல அவ எதுக்கு?" என்றார் மாமியார், அவளைப் பெற்ற தாய்! மதினி பின்கட்டுக்குத் திரும்பினாள். ஈரத்துணியும் அவள் தலைக்குத் திரும்பியது.

அடுத்த வருஷம் தென்காசியில் சாரல் விழத் தொடங்கியதும், "அம்மா, கொஞ்ச நாள் குத்தாலத்துல இருந்துட்டு வரட்டா?" என்று மதினி மாமியாரிடம் கேட்டாள்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு, அருவிக்குப் போக?"

நான் விடவில்லை. மதினியும் நோயாளிதான், டாக்டரே சொன்னார் என்று சத்தம் போட்டேன். "இவளுக்குத் திரும்ப ஆரம்பிச்சிட்டு. பிள்ளையை வாங்குங்க" என்றார் மாமியார். என் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் வாயை மூடிய பிறகுதான் கொடுத்தார்கள். ஒருமுறை கிறுக்கி என்று பேர் வாங்கியவளின் நியாயமான கோபம்கூட நோயாகத்தான் தெரியும். இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கிணற்றடியில் மதினியிடம் சொன்னேன்: "நான் மறுபடியும் பேசாம இருந்துக்கிடுதேன் மதினி. நம்ம ரெண்டு பேரையும் அங்கன அனுப்பிருவாக."

அவள் கண் ஒரு நொடி மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். உடனே வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பிள்ளையைக் கடையத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவாகட்டி. இப்பத்தான் அது உன்னை அம்மான்னு கூப்பிடப் பழகியிருக்கு. எனக்கு வேண்டாம், சும்மா கெட. அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த சாரலுக்கு அவள் இல்லை. பங்குனியில் ஒரு காலை, அதே கிணற்றடியில் குடத்தோடு விழுந்தாள். டாக்டர் வந்து ரத்தக் கொதிப்பு (ரத்தம் குழாய்களை அளவுக்கு மீறி அழுத்துவது) என்றார். "அங்க வச்சிப் பாத்தப்ப நாடி எவ்வளவு நல்லா இருந்துச்சு…" என்று தொடங்கியவர், அதோடு நிறுத்திக்கொண்டு பையை எடுத்தார்.

அன்பு உடம்பையும் மனசையும் தேற்றும் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் எங்கள் வீட்டில் அது புத்தி பேதலித்தவளுக்கு மட்டும், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நோயாளியைக் கவனிக்கிறவளையும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டியதில்லை.

எனக்கு வருஷம் சித்திரையில் பிறப்பதில்லை, சாரலில்தான் பிறக்கிறது. அருவி ஓரத்தில் அவள் பிடித்திருந்த என் இடது கை, மேற்கே மேகம் இறங்குவதை என் கண்ணுக்கு முன்பே அறிந்து சில்லிட்டுவிடுகிறது. மகளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் கிளம்பிவிடுவேன். "சாரல் வந்தா அவளுக்குக் கொஞ்சம் அப்படித்தான்" என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் மறுப்பதில்லை.

இந்த வருஷமும் அந்த ஓரத்தில்தான் நின்றோம். கையை நீட்டி நனைத்துக்கொண்டு, "இறங்குதியா?" என்று மகளிடம் கேட்டேன்.

"குளுருதும்மா," என்றாள்.

அதற்கு உண்டான பதில் எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். பேச்சு வரவில்லை.