பந்தல் போட்ட இடம்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழைகளும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. தான் எழுதித் தருவதாக மகள் சொன்னாள். நான் செய்த பிழையை நானே எழுதவேண்டும் என்று மறுத்துவிட்டேன்.

நாங்கள் வாவிக்கரை வேடர். வைகாசிப் பூரணையில் கரையோரக் காட்டுக்குள் கம்பும் இலைக்குழையும் கொண்டு பந்தல் போட்டு, எங்கள் குடும்பங்களில் இறந்தவர்களைக் கூப்பிடுவோம். இறந்து ஒரு வருடம் ஆனவர் அன்றுதான் முதன்முதலாக ஒருவர் மேல் இறங்கிப் பேசுவார். சடங்கு முடிந்ததும் பந்தலைப் பிரித்து வாவியில் விட்டு, சாம்பலை அள்ளி, எங்கள் கால்தடத்தையும் குழையால் கூட்டி அழித்துவிட்டுத்தான் திரும்புவோம். அந்த இடம் அவர்களுடையது.

என் மனைவி போன வருடம் சித்திரையில் பாரிசவாதத்தில் போய்விட்டாள். கடைசி மாதங்களில் பேச்சு வரவில்லை. ஏதோ சொல்ல வாயெடுப்பாள், முடியாமல் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அதைக் கேட்கத்தான் இந்த வைகாசிக்காகக் காத்திருந்தேன்.

தை மாதம் அந்தக் காட்டைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். இறால் பண்ணைக்குக் கொடுத்தாயிற்றாம். ஓட்டமாவடியில் பஸ் ஏறிப் போய் ஒரு பெண் சட்டத்தரணியைப் பார்த்தோம். அவர் மனு எழுதிக் கொடுத்தார். பரம்பரையாகப் பாவித்த இடமென்று காட்டினால் சட்டத்தில் வழி இருக்கிறது, இடத்தைப் பார்க்க அதிகாரி வருவார் என்றார். உள்ளதைச் சொன்னால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி வரும் நாளில் பண்ணைக்காரர் வேலி வாசலைத் திறந்துவிட்டிருந்தார்கள். மனைவியின் தம்பியோடு நான் முந்திப் போனேன். போன சடங்கில் விடுபட்ட அடுப்புக் கரி கொஞ்சம் கிடந்தது, பாதி உக்கிய பந்தல் கம்பு ஒன்றும். பிறத்தியார் பார்க்கும்படி விட்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. கம்பை வாவியில் எறிந்தேன். குழை ஒடித்து எல்லாவற்றையும் கூட்டினேன்.

அதிகாரி மரியாதையான மனிதர். பந்தல் போட்ட அடையாளம் எங்கே என்று கேட்டார். பின்னால் வந்திருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்டும் இரிக்காது ஐயா. நாங்க ஒண்டும் விடமாட்டம்."

ஒரு அதிகாரியின் முகத்தைப் பார்த்து நான் பேசியது அன்றுதான். பெருமையாகக்கூட இருந்தது. அவர் எழுதியதன் கீழே கையெழுத்து வைத்தேன்.

மனு தள்ளுபடியானது. அந்த இடத்தைப் பாவித்ததற்கு அடையாளம் எதுவும் இல்லையென்று நானே ஒப்புக்கொண்டதாகக் கடிதத்தில் இருந்தது. சட்டத்தரணி ஏசவில்லை. மேன்முறையீடு செய்யலாம், வருடக்கணக்கில் போகும் என்றார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது மனைவியின் தம்பி சொன்னான்:

"நல்லாத் துப்பரவாக்கி வச்சீங்க மச்சான். இனி பண்ணைக்காரங்களுக்கு ஒரு வேலையும் இல்ல."

வீட்டு வளவில் பந்தல் போட்டுக் கூப்பிடுவோமா என்று, சடங்கு நடத்தும் என் அக்காவிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவ அங்கதான் வந்து நிப்பா தம்பி. இங்க வர வழி தெரியாது."

இன்று பின்னேரம் முள்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பெயரைச் சொன்னேன். உள்ளே மரம் தறித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் போய்வரும் வழி அது. சத்தமாகக் கூப்பிட வெட்கமாக இருந்தது.

வைகாசிப் பூரணை, 2024.