தெரிஞ்சவங்க

நாகர்கோவில் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தை அம்மா மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அக்காவுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதால், அவள் எங்கள் வீட்டில் வளர்வதற்கான ஏற்பாடு அந்த மாதத்தோடு முடிகிறது என்று அதில் எழுதியிருந்தது. அக்கா என் உடன்பிறந்தவள் அல்ல, தத்தெடுத்தவளும் அல்ல. பெற்றவர்களை இழந்து காப்பகத்தில் இருந்தவளை, பதினெட்டு வயதுவரை வளர்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்து அம்மாவும் அப்பாவும் அழைத்து வந்திருந்தார்கள். வரும்போது அவளுக்குப் பதின்மூன்று, எனக்குப் பத்து. குளச்சலுக்குப் பக்கத்தில் கடலோரம் வீடு, அப்பா வளைகுடாவில். ஐந்து வருடம் நாங்கள் ஒரே பாயில் படுத்தோம், ஒரே சீப்பால் தலைவாரினோம். நான் அம்மாவோடு தினமும் சண்டை போடுவேன். அக்கா ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசியதில்லை, இது வேண்டும் என்று கேட்டதுமில்லை. அம்மாவை மாமி என்றே கூப்பிட்டாள்.

மாதாவுக்குத் தினமும் பூ வைக்கிறவளே அக்காதான். கடிதம் அவள் கண்ணில் படாமல் இருக்குமா? மறுநாள் காலையில் பையோடு நின்றாள். நெய்யூரில் நர்சிங் படிப்புக்கு இடமும் ஹாஸ்டலும் கிடைத்திருந்தன.

“பேப்பரு முடிஞ்சா வீடும் முடிஞ்சிருமா? இஞ்ச இருந்து போய்ப் படி” என்றாள் அம்மா.

“இல்ல மாமி. நான் போறேன்.”

கோபமோ அழுகையோ இல்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். அன்று வாங்கிய மீனை அம்மா கழுவவே இல்லை. அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையே தேங்காய் அரைத்து, சாளை மீன் குழம்பு வைத்து, தூக்குவாளியில் ஊற்றி, மூடியைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு அம்மா நெய்யூருக்குக் கிளம்பினாள். இரண்டு பஸ் மாற வேண்டும். ஹாஸ்டலில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிவரை பார்வையாளர்களை விடுவார்கள். மழையானாலும் கோயில் திருவிழாவானாலும் அம்மா அதைத் தவறவிடவில்லை. ஒரு முறை நானும் கூடப் போனேன். ஹாஸ்டல் கேட் அருகே நாங்கள் நிற்கும்போது அக்காவின் அறைத்தோழி ஒருத்தி வந்து, “யாருட்டி இது?” என்று கேட்டாள். அக்கா எங்களைப் பார்க்காமல் சொன்னாள்:

“தெரிஞ்சவங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதுவிட்டேன். இனிமேல் இவளுக்குக் குழம்பு கொண்டுபோகக் கூடாது என்று கத்தினேன். அம்மா காலி தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தாள்.

“தெரிஞ்சவதானே மக்கா. அவள எனக்குத் தெரியும், என்னைய அவளுக்குத் தெரியும். பொய்யா சொன்னா? கறிய வாங்கினாளா இல்லியா, அதச் சொல்லு.”

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, துணி துவைக்கும் கல்லில் வழுக்கி விழுந்ததில் அம்மாவின் கணுக்கால் வீங்கிவிட்டது. ஹாஸ்டலுக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டேன். படிக்கிற பிள்ளையைப் பயமுறுத்தாதே என்று தடுத்துவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை, அம்மாவால் நெய்யூருக்குப் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, முற்றத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“ஏன் வரல்ல? வரல்லேண்ணா ஒரு போன் பண்ணக்கூடாதா? அஞ்சு மணிவரைக்கும் ஹாஸ்டல் கேட்டுப் பக்கத்துலயே நிண்ணேன்!”

உள்ளே கட்டிலில் கிடந்த அம்மா காலை நீட்டிக் காட்டினாள். அக்கா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். “ஏட்டி, இப்பிடியா கட்டுவாங்க?” என்று என்னையும் ஏசினாள். கட்டி முடிக்கும்வரை திட்டிக்கொண்டேயிருந்தாள். அம்மா என்னைப் பார்த்து, “பிள்ளைக்கு ஏசத் தெரியுது, கேட்டியா?” என்று சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று அக்கா திரும்பிப் போகவில்லை. இரவு எங்கள் பழைய பாயில் என்னோடு படுத்துத் தூங்கினாள்.

இப்போது அவள் மஸ்கட்டில் நர்ஸ். விடுமுறைக்கு வந்தால் விமானத்திலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். எனக்கும் முப்பது வயதாகிவிட்டது. பதினெட்டு எவ்வளவு சின்ன வயது என்பது இப்போதுதான் புரிகிறது. போன மாதம் புறவாசலில் இருவரும் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். அன்று ஹாஸ்டலில் அந்த அறைத்தோழியிடம் அம்மா என்று சொல்லியிருந்தால் என்ன?

அக்கா கையிலிருந்த மீனின் செதிலை முழுதும் சுரண்டி முடித்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்.

“பேப்பரு முடிஞ்சிருந்துல்லா. அம்மாண்ணு சொன்ன பொறவு, அடுத்த சனிக்கிழமை அவங்க வரல்லேண்ணா, அவ கேட்டா நான் என்ன சொல்லுவேன் மக்கா?”