கண்ணாடி விற்க மறுத்தவர்

என் அண்ணி பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். பதினோரு வருஷமாக ஓட்டுகிறார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. முன்னால் போகிற சைக்கிள்காரர் திரும்பலாமா என்று யோசிக்கும்போதே அண்ணியின் கால் பிரேக்குக்குப் போய்விடும். அவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அண்ணி அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்.

அவருக்கு இருந்த ஒரே தொல்லை ஒற்றைத் தலைவலி. வந்தால் லேசில் விடாது. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு நெற்றியில் ஈரத்துணியோடு படுத்துவிடுவார். என் அண்ணன் அன்றைக்கு வீட்டுக்குள் பூனை நடை நடப்பார். போன வருஷம் இது அடிக்கடி வர ஆரம்பித்ததும், நரம்பு டாக்டர் ஒருவர் தலைவலி வராமலே தடுக்கிற மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரத்திலிருந்து இரண்டு.

மாத்திரை நன்றாகவே கேட்டது. முதல் வாரம் தலைவலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இத்தனை நாள் நீ எங்க இருந்தே?" என்று அண்ணி மாத்திரை அட்டையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சிரித்தார். சமையலறையில் பாட்டு கேட்டது. எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

பத்தாம் நாள் காலை. டிப்போவில் வழக்கம்போல் டயர், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டு அண்ணி சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். எதிரே கேட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது தண்ணீரில் ஊறிய காகிதம் மாதிரி கலங்கித் தெரிந்திருக்கிறது. முன்கண்ணாடியில் தூசி என்று நினைத்துத் துணியால் துடைத்தார். மறுபடி துடைத்தார். இறங்கி வெளிப்பக்கமும் துடைத்தார். பிறகு கையிலிருந்த வருகைப் பட்டியலைப் பார்த்தால், அதிலிருந்த பொடி எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. தலையைத் தூக்கினால் கேட்டிலிருந்த எழுத்து மறுபடி கலங்குகிறது.

நேரே சூப்பர்வைசரிடம் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"இன்னைக்கு நான் வண்டி எடுக்கல. கண்ணு சரியா தெரியல."

அவர் சிடுசிடுப்பான மனிதர். "கிளம்புறதுக்குப் பத்து நிமிஷம் இருக்கு, இப்ப வந்து சொல்றீங்களே" என்றார். அண்ணி சாவியைத் திரும்ப எடுக்கவில்லை. அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். அண்ணன் ஊரில் இல்லாத வாரம் அது. நான் ஓடினேன்.

"ஒண்ணுமில்ல, வயசாகுது. கண்ணாடி போட்டா சரியாயிடும். கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் அண்ணி. கண் லேசாக வலிக்கிறது என்பதை நான் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னார்.

கடைத்தெருவில் எங்களுக்குத் தெரிந்த கண்ணாடிக் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் குள்ளமான மனிதர், கண் பரிசோதிக்கப் படித்தவர். லைசென்ஸ் புதுப்பிக்கிறபோது அண்ணி அவரிடம்தான் கண் காட்டியிருந்தார். அவர் அண்ணியை உட்காரவைத்து ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் போட்டார். மைனஸ் ஐந்து வந்ததும் சுவரிலிருந்த கடைசி வரி வரைக்கும் அண்ணி கடகடவென்று படித்தார்.

"அப்பாடா. இதையே போட்டுக் குடுத்துடுங்க" என்றார் அண்ணி.

கடைக்காரர் எழுதவில்லை. பெட்டியைத் துழாவிப் பழைய அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி உங்களுக்குப் பவரே இல்லையேம்மா. எப்பலேர்ந்து இப்படி?"

"இன்னைக்குக் காலையிலதான்."

"ஒரே நாள்ல அஞ்சு பாயின்ட் ஏறாதும்மா. நான் கண்ணாடி தர மாட்டேன்."

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "கடை வச்சிக்கிட்டு விக்க மாட்டேன்னா எப்படிங்க?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சர்க்கரை உண்டா? புதுசா மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

அண்ணி என்னைப் பார்த்தார். சொல்லாதே என்கிற பார்வை அது. அந்த மாத்திரையைக் குற்றம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. எத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த நிம்மதி. நான் அவர் பையைத் திறந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். நாத்தனார் என்றால் எதற்குத்தான் இருக்கிறாள்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை அவர் விரித்து, விரலை ஓட்டிக்கொண்டே படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. திடீரென்று பார்வை மங்கினாலோ கண் வலித்தாலோ உடனே டாக்டரிடம் போகவேண்டும் என்று அச்சிட்டிருந்தது. நாங்கள் யாரும் அதைப் பிரித்தே பார்த்ததில்லை.

"இதனாலதான்னு நான் சொல்ல முடியாது. இருக்கலாம். இப்பவே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாளைக்கின்னு தள்ளாதீங்க" என்றார். ஒரு சீட்டில் இன்றைய பவர், பழைய பவர், மாத்திரையின் பெயர் மூன்றையும் எழுதிக் கொடுத்தார். நாங்கள் வண்டி ஏறுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனும் செய்துவிட்டார். பரிசோதனைக்கென்று ஒரு காசு வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டைப் பார்த்ததும் எங்களை வரிசையில் உட்காரவிடவில்லை. கண் டாக்டர் இளம்பெண். கண்ணுக்குள் அழுத்தத்தை அளந்தார். இரண்டு கண்ணிலும் நிறைய ஏறியிருந்தது.

"அபூர்வமா சிலருக்கு இந்த மாத்திரை இப்படிப் பண்ணும். கண்ணுக்குள்ள ஒரு பகுதி வீங்கி லென்ஸை முன்னால தள்ளிடும். அதனாலதான் கிட்ட இருக்கறது தெரியுது, தூரம் மங்குது. கண்ணாடி போட்டிருந்தா நல்லாத் தெரிஞ்சிருக்கும், நீங்களும் மாத்திரையை விட்டிருக்க மாட்டீங்க. உள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே போயிருக்கும்" என்றார்.

"போயிருந்தா?" என்றேன் நான்.

"அதான் வந்துட்டீங்களே."

அங்கேயே நரம்பு டாக்டரைப் போனில் பிடித்து இரண்டு பேரும் பேசினார்கள். மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். சொட்டு மருந்து விட்டார்கள். தினமும் வந்து காட்டச் சொன்னார்கள்.

அண்ணன் மறுநாளே வந்து சேர்ந்தார். பயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டு ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் காலை அண்ணி அந்த ஜன்னலருகே நின்று, எதிர்க்கட்டடத்துப் பல் டாக்டரின் பலகையை, அவர் படித்த படிப்பு உள்பட, சத்தமாகப் படித்தார். அண்ணன் துணியைக் கையில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

தலைவலி திரும்ப வந்தது, பொய் சொல்வானேன். வேறு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தலைவலி முழுசாக விடவில்லை, ஆனாலும் சமாளிக்கிறார்.

கண்ணாடிக்காரருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம். "அன்னைக்கு உங்களைக் கோவிச்சுக்கிட்டேன்" என்று மட்டும் அண்ணி சொன்னார்.

"விக்காம இருந்ததுக்கு என்னை யாரும் பாராட்டினதில்லைம்மா. என் சம்சாரம் கேட்டா திட்டுவா" என்றார் அவர்.

மூன்று வாரம் கழித்து, டாக்டர் சான்றிதழோடு அண்ணி வேலைக்குத் திரும்பினார். அன்றைக்குத்தான் பஸ்ஸில் உடன் வரும் ஆயா ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். அந்தக் காலையில் சூப்பர்வைசரே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாமதத்துக்குப் பெற்றோரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அண்ணியின் பேரைச் சொல்லவே இல்லையாம்.

அண்ணி அவர் அறைக்குப் போய்க் கேட்டிருக்கிறார்.

"ஆமா, வண்டியில கோளாறுன்னு சொன்னேன்" என்றார் அவர், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நீங்க சாவியைக் குடுக்காம ஓட்டிட்டுப் போயிருந்தா அப்புறம் பெத்தவங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்றது? போங்க, நேரமாச்சு."