‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்ட நாள்

ஏழுமலைக்கு எல்லாம் சரி என்று பிரிண்ட் எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பசி நேரம், கேன்டீன் சாம்பார் வாசனை வேறு.

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசிடி டெக்னீஷியனாக இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவன் நான். ஐசிடி என்பது நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் கருவி. இதயம் தாறுமாறாகத் துடித்தால் தானே ஷாக் கொடுத்து அடக்கும். ஏழுமலை மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் ஏலம் விடுபவர். கருவி வைத்தபோது சோதித்ததில் இருபது ஜூல்ஸ் அளவு ஷாக்கில் அவர் இதயம் அடங்கியது. முதல் ஷாக்கை அதிலேயே வைத்திருந்தோம்.

செக்கப்பில் பேட்டரி ஜம், இதயத்துக்குப் போகும் லீட் ஒயரும் ஜம்.

“மாத்திரை ஏதாச்சும் மாத்துனாங்களா அண்ணாத்த?”

“ஒண்ணியும் இல்ல சார். அதே ஹார்ட்டு மாத்திரதான்.”

சட்டையை மாட்டிக்கொண்டே புலம்பினார்: “வெயிலு மூஞ்சில பட்டா சுள்ளுனு எரியுது சார். நாப்பது வருசமா கரையில நின்னுகினு கீறேன், இப்போ இன்னா புதுசா?”

“துண்ட போத்திகினுதான் ஏலம் வுடுது சார்,” என்று சிரித்தார் அவர் மனைவி கன்னியம்மா.

எனக்குச் சுருக்கென்றது. அமியோடரோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் இப்படிச் சுடும். மாத்திரையைக் காட்டச் சொன்னேன். கரை ஈரம் படாமலிருக்க எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிரித்து ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். மகள் வீட்டிலிருந்து அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அமியோடரோனேதான்! படபடப்புக்காக நாலு மாதம் முன்பு வேறொரு டாக்டர் எழுதியது. டப்பா மாறவில்லை, அதனால் ஏழுமலையைப் பொறுத்தவரை மாத்திரையும் மாறவில்லை.

இந்த மருந்து துடிப்பு குலைவதைக் குறைக்கும். ஆனால் மீறிக் குலைந்துவிட்டால், அடக்க முன்பைவிட அதிக ஜூல்ஸ் கேட்கலாம். எங்கள் இதய டாக்டர் மேடத்திடம் ஓடினேன்.

“இருபது போதுமான்னு சோதிச்சுடலாம். உங்க கையெழுத்த அப்புறம் ரசிக்கலாம்,” என்றார்.

மறுநாள் மயக்கம் கொடுத்து, வேண்டுமென்றே துடிப்பைக் குலைத்தோம். இருபது ஜூல்ஸ் பாய்ந்தது. திரையில் கோடு கிறுக்கிக்கொண்டே இருந்தது. கருவி அடுத்த ஷாக்குக்காக நாற்பதுக்கு சார்ஜ் ஆனது. நாற்பதில் அடங்கியது.

மேடம் முதல் ஷாக்கையே நாற்பதாக்கி, மருந்தையும் மாற்றினார். பழைய மருந்து உடம்பைவிட்டுப் போக மாதக்கணக்கில் ஆகும் என்பதால் நாற்பதை அப்படியே விட்டுவைத்தோம்.

மூன்றாவது வாரம் கன்னியம்மா போன் செய்தார். “ஏலத்துக்கு நடுவுல தூக்கிப் போட்டுச்சு சார்! வுழுந்து எயிந்து, வஞ்சிரத்த வுட்ட எடத்துலருந்து கூவுது!”

உடனே வரச் சொல்லிப் பார்த்தோம். கருவியின் பதிவில் ஒரே ஷாக், நாற்பது ஜூல்ஸ்; அதிலேயே அடங்கியிருந்தது.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கருவியைத் தொடுமுன் மாத்திரை அட்டையைப் பாருங்கள். அந்தப் பழைய பிரிண்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘எல்லாம் சரி’ என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.