ஆறு கோரா, எட்டு கோரா

என் மனைவியின் கண்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு சொட்டு மருந்து. காலையில் மூன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் மூன்று. நான்தான் விடுவேன். ஓரப் பார்வை போய்விட்டது, நடுவில் ஒரு சின்ன ஜன்னல் அளவு மிஞ்சியிருக்கிறது, அதுவும் போகும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாட்டுங்காவுக்குத் திரும்பும் டாக்ஸியில் அவள் ஒன்றுதான் கேட்டாள். பிள்ளையை இன்னும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. பத்தொன்பது வயதில், ஆறு நாள் காய்ச்சலில் போய்விட்டான். அவன் நடப்பதும் பேசுவதும் பதினோரு சின்ன வீடியோ டேப்புகளில் இருக்கின்றன. எல்லாம் நான் எடுத்தவை. இருபது வருஷமாக அவற்றைப் போட்டுப் பார்க்க இருவருக்கும் தைரியம் வரவில்லை. கேமரா இன்னும் ஓடுகிறது, ஆனால் அதன் திரை தீப்பெட்டி அளவுதான். அதன் வயரைச் செருக இப்போதைய டிவியில் இடமில்லை. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மங்கலை நீக்கி, பெரிதாக்கினால்தான் அவளுக்குப் பிடிபடும். உறவுக் கல்யாணம் ஒன்றின் டேப்பை வைத்துச் சோதித்ததில், வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் நாலாவது நிமிஷத்தில் நின்றுவிட்டது. கடையில் கொடுத்தால் செய்து தருவார்கள். அந்தப் பதினொன்றும் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முப்பத்தேழு வருஷம் டிராயிங் செக்‌ஷனில் இருந்தவன் நான். பாகங்களை வாங்கி நானே ஒன்று கட்டுவது என்று முடிவாயிற்று.

மற்ற பாகங்கள் ஒரு வாரத்தில் முடிவாகிவிட்டன. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரில்தான் நின்றேன். கிராப் தாளில் பதினான்கு கட்டம் போட்டேன். எத்தனை கோர், அதாவது உள்ளே ஒரே சமயத்தில் வேலை செய்யும் பகுதிகள் எத்தனை, என்ன வேகம், எவ்வளவு சூடாகும், எல்லாம். ஆறு கோரா, எட்டு கோரா என்பதில் வந்து முட்டியது. தாதரில் ரயில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, கம்ப்யூட்டர் பாகம் விற்கும் லேமிங்டன் ரோட்டுக்கு ஒன்பது தடவை போனேன். கடைக்காரர் தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பேச்சு மட்டும் திருநெல்வேலி. ஆறு போதும் என்று முதல் நாளே சொன்னார். நாலாவது தடவை என் தாளைப் பார்த்துவிட்டு, “என்ன சார், ப்ராசஸர் வாங்க வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா? ஜாதகம் மாதிரில்லா கட்டம் போட்டுக் கொண்டு வாரிய,” என்றார்.

வீட்டில் அவளும் கேட்டாள். “ஏன்னா, ஆறு இருந்தா படம் வருமா, வராதா?”

“வரும். லேட்டா வரும்.”

“எவ்வளவு லேட்டு?”

“ஒரு டேப்புக்கு நாப்பது நிமிஷம்.”

“நான் உக்காந்துண்டுதானே இருக்கேன். எங்கே போகப் போறேன்?”

நான் கேட்கவில்லை. எட்டுதான் என்றேன். அப்போது அடுத்த தலைமுறை ப்ராசஸர் இரண்டு மாதத்தில் வருகிறது என்று படித்தேன். காத்திருந்தேன். வந்தது, அதைப் பொருத்தும் மதர்போர்டு வரவில்லை. அதற்கும் காத்திருந்தேன். பதினோரு டேப்புக்கு மொத்தம் ஏழு மணி இருபது நிமிஷம் மிச்சம் பிடித்தேன். அதற்குக் கொடுத்தது ஐந்து மாதம் பதினேழு நாள். இந்தக் கணக்கை நான் அப்போது போடவில்லை.

வாங்கும் நாளன்று அந்த ப்ராசஸரில் இரண்டு வகை இருந்தன. என் கட்டங்கள் பதினான்கிலும் இரண்டும் ஒன்றுதான். ஒன்று கைவசம் இருந்தது, மற்றதற்கு ஒரு வாரம் ஆகும். கைவசம் இருந்ததை எடுத்தேன். வேறு ஏதாவது வேண்டுமா என்று கடைக்காரர் ஆரம்பித்தார். எல்லாம் பட்டியலில் இருக்கிறது என்று மடக்கினேன். அவர் பில் போட்டார்.

மறுநாள் காலை பூட்டி முடித்தேன். அவள் தலை வாரி, புதுப்புடவை கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஸ்விட்சைப் போட்டேன். மின்விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே,” என்றாள். அவள் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தது.

“எனக்கும் தெரியலை,” என்றேன்.

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சிரிக்கக்கூடச் செய்தாள்.

நான் எடுத்தது, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி உள்ளே இல்லாத வகை. பூட்டியதைக் கடையில் மாற்றித் தரமாட்டார்கள்; தனியாக ஒரு கார்டு வேண்டும். எனக்கு அப்படி ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை. கார்டு எங்கும் கிடைக்காத சமயம் அது. மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் அவள் சுவரைத் தொட்டு நடக்க ஆரம்பித்தாள். செருப்பு வழுக்குகிறது என்றாள். நம்பினேன்.

கார்டைப் பூட்டி, முதல் டேப்பை ஏற்றி, அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். திரை வெளிச்சமாயிற்று. முதலில் கேட்டது என் குரல்: ஒண்ணு, ரெண்டு, மூணு. பிறகு அவன், பால்கனியில், வாயில் பிரஷ்ஷோடு. “எண்ணினது போறும்ப்பா, எடு.”

அவள் குரல் வந்த பக்கம் சாய்ந்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே,” என்றாள். என் பக்கம் திரும்பி, “உங்களுக்கும் தெரியலைதானே?”

அவன் பேசிக்கொண்டே இருந்தான். என்ன பொய் சொல்வது?

“சரி, சொல்லுங்கோ,” என்றாள். “என்ன சட்டை போட்டுண்டிருக்கான்?”

கோடு போட்ட சட்டை என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.