மேட்டு ஊர்ப் பெண்கள் கேட்டது

தொண்டு நிறுவனத்தில் அவளுக்குக் கள ஆய்வாளர் வேலை. மனு போட்ட ஊர்களுக்கெல்லாம் போய், எங்கே எது அவசரம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர்க்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கடிகாரக்காரி. தண்ணீருக்குப் போகும் பெண்களோடு தானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். போக வர எவ்வளவு நேரம் ஆகிறதென்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வாள்.

அந்த ஆண்டு ஒரே ஒரு ஊருக்குத்தான் உதவி. சலித்துச் சலித்து இரண்டு மனுக்கள் மிஞ்சின. ஓடைக்கரை ஊர் ஆழ்துளைக் கிணறு கேட்டிருந்தது. அங்கே தண்ணீருக்குப் போய்வர நாற்பது நிமிடம். மேட்டு ஊரிலோ இரண்டு மணி நேரம். ஆனால் மேட்டு ஊர் மனுவில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை. ஆண்கள் கூடிப் பேசி மண்டபம் கேட்டிருந்தார்கள்.

பெண்களைத் தனியே கூட்டி விசாரித்தாள். நிறைமாதக்காரி ஒருத்தி சிரித்தேவிட்டாள்.

"மண்டபமா? அதுல போய் உக்கார எங்களுக்கு ஏதுங்க நேரம்? தண்ணி தூக்கவே பொழுது சரியாப் போயிடுது."

அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, கைநாட்டு வாங்கி, தேர்வுக் குழுவில் கொடுக்கப் பையில் வைத்துக்கொண்டாள்.

தேர்வுக் குழு கூடிய அன்று காலையில், அலுவலகப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அக்கா வாழ்க்கைப்பட்டது ஓடைக்கரை ஊரில். முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தாள்.

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லலடி. அவங்க மண்டபம்தானே கேட்டாங்க? நீ வாயத் திறக்காம இருந்தாலே போதும்."

"அக்கா, அது..."

"போன வாரம் என் சின்னவ அந்த ஓடைத் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக் கிடந்தாளே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையை மடியில் வைத்திருந்தவளே அவள்தான். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

தலைவர் மேட்டு ஊர் மனுவைப் புரட்டினார். "மண்டபத்தவிடக் கிணறுதானே அவசரம். அப்போ ஓடைக்கரைதான். யாராவது ஏதாவது சொல்லணுமா?"

தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே அக்காவின் முதுகு தெரிந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்." அவள் எழுந்து நின்றாள். "ஓடைக்கரை என் அக்கா வாழற ஊரு. அத முதல்ல சொல்லிடறேன்." பிறகுதான் கைநாட்டுத் தாளை நீட்டினாள்.

தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். "உங்க பேச்ச மட்டும் நம்பி முடிவு பண்ண முடியாதும்மா. நாங்களே நடந்து பாக்கறோம்."

மறுநாள் அவரும் இன்னொருவரும் மேட்டு ஊர்ப் பெண்களோடு நடந்தார்கள். திரும்பும் வழியில் தலைவர் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே கிணறு மேட்டு ஊருக்கு என்று முடிவாயிற்று.

ஓடைக்கரைக்கு மறு ஆண்டு கிணறு வந்தது. அந்த ஊர் ஆய்வுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லி அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்குள் அக்கா அவளோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாள் போன் வந்தது.

"சின்னவள ஸ்கூல்ல சேக்கறோம். லீவு போட்டுட்டு வா," என்றாள் அக்கா. வேறெதுவும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை, லீவு மட்டும் போட்டாள்.